கை கால் வந்துவிட்டது, வண்டி ஓட்டலாமா?

பக்கவாதம் வந்து தேறியவரின் வீட்டில் மூன்றாவது மாத வாக்கில் ஒரு பேச்சு கிளம்பும். விழுந்திருந்த கை வந்துவிட்டது. இழுத்துக்கொண்டிருந்த கால் இப்போது மாடிப்படி ஏறுகிறது. பேச்சும் தெளிவு. அப்புறம் என்ன, வண்டிச் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பார்.

என் மாமாவும் கேட்டார். 58 வயது, 35 வருடமாக ஓட்டுபவர். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே மாமா" என்றேன். "ஏண்டா, எனக்கென்ன ஆச்சு?" என்று பின்பக்கத்துக் காலி மனையில் ஸ்கூட்டரை எடுத்து, எங்கள் கண்ணெதிரே எட்டு போட்டுக் காட்டினார். கால் ஒருமுறைகூட ஊன்றவில்லை. ஆர்டிஓ ஆபீஸாக இருந்தால் அந்த இடத்திலேயே பாஸ். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், இலையின் வலது பக்கத்தில் இருந்ததை எல்லாம் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குப் பொரியல் இல்லையா?" என்று அத்தையைக் கேட்டார். பொரியல் இலையின் இடது ஓரத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது.

இதற்கு மருத்துவத்தில் புறக்கணிப்பு என்று பெயர். பெரும்பாலும் மூளையின் வலது பாதியில் அடிபட்டவர்களுக்கு வருவது. கண்ணில் குறை இல்லை, பார்வை நரம்பிலும் இல்லை. உலகின் இடது பாதி என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சவரம் செய்தால் இடது கன்னம் விட்டுப்போகும். நிலைப்படியில் இடது தோள் இடிக்கும். நம் ஊர்ச் சாலையில் அந்த இடது பக்கத்தில்தான் நடப்பவர்கள், சைக்கிள்கள், கதவு திறக்கக் காத்திருக்கும் கார்கள், ஆள் ஏற்ற ஓரம் கட்டும் ஆட்டோக்கள், இடது பக்கமாகவே முந்தப் பார்க்கும் பைக்குகள் எல்லாம் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலானோருக்குப் பேச்சு மூளையின் இடது பாதியில் இருக்கிறது. அதனால் வலது பாதியில் அடிபட்டவர் சரளமாகப் பேசுவார், நியூஸ் பார்த்து விமர்சனம் சொல்வார், பழைய கணக்கெல்லாம் ஒப்பிப்பார். வீட்டார் "ஆள் பழையபடி ஆயிட்டார்" என்று நம்பிவிடுவார்கள். இடது பாதியில் அடிபட்டு வார்த்தை கிடைக்காமல் திணறுபவரைப் பார்த்தால் யாரும் சாவி தரமாட்டார்கள். ஆனால் பேச்சு போனவர்களில் சிலர் சாலைச் சோதனையில் தேறுவதும் உண்டு. வாயைப் பார்த்து மூளையை எடைபோடும் பழக்கம் இந்த விஷயத்தில் உதவாது.

வண்டி ஓட்டுவது மூளைக்கு எப்படிப்பட்ட வேலை என்பதை நெதர்லாந்து உளவியலாளர் ஜான் மிக்கோன் 1985ல் மூன்று அடுக்காகப் பிரித்தார். அடி அடுக்கு பிரேக், ஸ்டியரிங், கிளட்ச். நொடியின் பின்னங்களில் நடப்பது. நடு அடுக்கு சாலையில் எடுக்கும் முடிவுகள்: முந்தலாமா, எதிரே வரும் லாரிக்கு முன்னால் வலது பக்கம் திரும்ப இடைவெளி போதுமா, அந்தப் பையன் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு வருவானா. இவை சில நொடிகளில் எடுக்க வேண்டியவை. மேல் அடுக்கு கிளம்புவதற்கு முந்தையது: இருட்டிவிட்டதே, மழை வேறு, இன்று போகத்தான் வேண்டுமா, போனால் எந்த வழி.

பல வருடம் ஓட்டியவருக்கு அடி அடுக்கு கைப்பழக்கமாகிவிட்டது. மூளைக்காயத்தைத் தாண்டியும் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. காலி மனையில் எட்டு போட அது போதும். அடிபடுவது மேலே உள்ள இரண்டும்தான். கவனத்தை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வைப்பது, அவசரப்படாமல் இருப்பது, எதிர்பாராதது நடந்தால் உடனே திட்டத்தை மாற்றுவது எல்லாம் அங்கே இருக்கின்றன. பைக்கிலிருந்து விழுந்து நெற்றிப் பகுதி மூளையில் காயம்பட்ட இளைஞர்களிடம் இதைப் பார்க்கலாம். கையும் கண்ணும் கச்சிதம், ஆனால் பொறுமை போயிருக்கும். சிவப்பு விளக்கைப் பார்ப்பார்கள், அது சிவப்பு என்பதும் தெரியும், ஆனாலும் நிற்கத் தோன்றாது.

மேல் அடுக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. தன் குறை தெரிந்தவர் அதை வைத்துக் கீழே உள்ள ஓட்டைகளை அடைத்துக்கொள்வார். கண் மங்கல் என்று தெரிந்தவர் இரவில் வண்டி எடுக்கமாட்டார். நிதானம் குறைந்ததை உணர்ந்தவர் பெரிய சாலையை விட்டுத் தெருவழியே போவார். ஆனால் குறை இருக்கிறது என்பதை உணரும் இடத்திலேயே மூளை அடிபட்டிருந்தால்? பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஜோசஃப் பாபின்ஸ்கி 1914ல் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒரு பக்கம் முழுவதும் செயலிழந்திருக்கும், கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். பொய்யுமில்லை, பிடிவாதமுமில்லை. குறையை அறிவிக்க வேண்டிய இடமே பழுதாகியிருக்கிறது. அவ்வளவு முற்றாத, இலேசான வடிவங்கள் பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் மறதி நோயிலும் நிறையவே உண்டு. மாமாவின் "எனக்கென்ன ஆச்சு" அந்த வகை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் சட்டத்தைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் படிவம் 1 என்பது ஓட்டுபவர் தன் உடல்தகுதி பற்றித் தானே தரும் உறுதிமொழி. வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா, 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, கை கால் இழந்தவரா அல்லது அவற்றில் பலக்குறைவு உண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியுமா, மாலைக்கண் உண்டா, ஹாரன் கேட்குமா, பொதுமக்களுக்கு ஆபத்து தரக்கூடிய வேறு நோய் ஏதும் உண்டா. இவ்வளவுதான் கேள்விகள். கை வந்துவிட்டதென்றால் பலக்குறைவு இல்லை. நம்பர் பிளேட்டை மாமா கண்ணாடி இல்லாமலே படிப்பார். ஏனென்றால் அது நேர்ப்பார்வையை மட்டும் சோதிக்கிறது. பக்கவாதத்தில் இடது பாதிப் பார்வை முழுவதுமாகப் போனவர்கூட நேரே இருக்கும் எண்ணைத் தெளிவாகப் படித்துவிடுவார். கடைசிக் கேள்வி ஒன்றுதான் இவரைப் பிடிக்கக்கூடியது. அதற்கு "இல்லை" என்று முழு நேர்மையோடு டிக் அடிப்பார்.

அந்தப் படிவமும் எப்போது கைக்கு வரும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 30 முதல் 50 வயதுக்குள் எடுக்கும் சொந்த வாகன லைசென்ஸ் 10 ஆண்டுக்குச் செல்லும். 45ல் புதுப்பித்தவருக்கு 46ல் பக்கவாதம் வந்தால், அடுத்து யாராவது எதையாவது கேட்பது 55ல். மருத்துவர் ஆர்டிஓவுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. சந்தேகம் வந்தால் லைசென்ஸை ரத்து செய்யவோ மருத்துவச் சான்று கேட்கவோ சட்டத்தின் 16ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் சந்தேகம் வர வழி? 186ஆம் பிரிவு ஓட்டத் தகுதியற்ற நிலையில் ஓட்டினால் முதல்முறை 1000 ரூபாய், அடுத்தமுறை 2000 ரூபாய் அபராதம் என்கிறது. தன் நோய் "தனக்குத் தெரிந்தே" ஓட்டினால்தான் அதுவும் பொருந்தும். தெரியாமல் போவதே நோயின் ஒரு பகுதி என்பதை அந்தப் பிரிவை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பிரிட்டன் இதைக் கொஞ்சம் விரிவாகவே யோசித்திருக்கிறது. வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் இருக்கும் டிவிஎல்ஏ என்ற லைசென்ஸ் அலுவலகம், எந்த நோய்க்கு எவ்வளவு காலம் ஓட்டக்கூடாது என்று மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டியே வைத்திருக்கிறது. கார், பைக் ஓட்டுபவர்கள் ஒரு வகை. லாரி, பஸ் ஓட்டுபவர்கள் இன்னொரு வகை. பக்கவாதம் வந்தால் முதல் வகைக்கு 1 மாதம், இரண்டாம் வகைக்கு 1 ஆண்டு. வலிப்பு நோய் என்றால் கார் ஓட்ட 12 மாதம் வலிப்பில்லாமல் இருக்க வேண்டும். பஸ் ஓட்ட 10 ஆண்டு, அதுவும் வலிப்பு மாத்திரை எதுவும் எடுக்காமல். பக்கப் பார்வை கிடைமட்டமாக 120 டிகிரிக்குக் குறையக்கூடாது. பாதிப் பார்வை போனவருக்குப் பொதுவாகக் கதவு மூடப்பட்டுவிடும். ஆனால் 12 மாதம் கழித்து, குறை மாறாமல் நிலைத்திருந்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சமாளிக்கக் கற்றுக்கொண்டவர் என்றால், தனிப்பட்ட முறையில் பரிசீலிக்க வழி வைத்திருக்கிறார்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. திடீரென நினைவு தப்பும் வாய்ப்பு அடுத்த ஓராண்டில் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் கார் ஓட்டலாம். பஸ், லாரிக்கு அது 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது ஆபத்தே இல்லாதவர்தான் ஓட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு ஆபத்தைச் சமூகம் பொறுத்துக்கொள்ளும் என்று ஒரு கோடு போட்டு, 40 டன் லாரிக்கும் சின்னக் காருக்கும் அந்தக் கோட்டை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது நேர்மையான அணுகுமுறையாகவே படுகிறது.

நேர்மை ஓட்டுநர் பக்கமும் இருந்தால்தான் இது வேலை செய்யும். ஏனென்றால் பிரிட்டனிலும் டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்கும் கடமை முதலில் ஓட்டுபவருடையது. சொல்லாமல் விட்டால் 1000 பவுண்டு வரை அபராதம். 2014 டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸ் கூட்டம் நிறைந்த கிளாஸ்கோ நகர மையத்தில் ஒரு குப்பை லாரியின் ஓட்டுநர் நினைவு தப்பிச் சாய்ந்தார். லாரி 19 நொடி ஓடியது. 6 பேர் இறந்தார்கள். அவர் 2010ல் பஸ் ஓட்டுநராக இருந்தபோதும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி ஒருமுறை மயங்கியிருந்தார் என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளியே வந்தது. மருத்துவரிடம் அதை வேறு மாதிரி சொல்லியிருந்தார், லைசென்ஸ் அலுவலகத்திடம் மறைத்திருந்தார். அவர் மூளைக்காயக்காரர் அல்ல, தெரிந்தே மறைத்தவர். ஆனால் சுய அறிவிப்பை நம்பும் ஏற்பாட்டில், மறைப்பவரும் உணராதவரும் ஒரே ஓட்டை வழியாகத்தான் வெளியே வருகிறார்கள்.

அப்படியானால் மருத்துவரே சொல்லிவிட்டால்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதுதான் சட்டம். அங்கே 2006 முதல், ஓட்டத் தகுதியில்லாத நோயாளியை முறைப்படி எச்சரிக்கும் மருத்துவருக்குத் தனிக் கட்டணமும் தரத் தொடங்கினார்கள். டொரொன்டோவைச் சேர்ந்த மருத்துவர் டொனால்ட் ரெடல்மையரும் குழுவும் அப்படி எச்சரிக்கப்பட்ட 1,00,075 பேரைப் பின்தொடர்ந்து 2012ல் முடிவை வெளியிட்டார்கள். எச்சரிக்கைக்குப் பிறகு, அவர்கள் ஓட்டிச் சென்று விபத்தில் சிக்கி அவசர சிகிச்சைக்கு வருவது ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய எண்தான். அதே ஆய்வு இன்னும் இரண்டைச் சொன்னது. அவர்களிடம் மனச்சோர்வுக்காக அவசர சிகிச்சை தேடுவது கூடியிருந்தது. எச்சரித்த மருத்துவரிடம் திரும்பிப் போவது குறைந்திருந்தது.

இரண்டாவதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். லைசென்ஸ் போகும் என்று தெரிந்தால் நோயாளி டாக்டரிடம் வலிப்பையே சொல்லமாட்டார். வலிப்பைச் சொல்லாவிட்டால் மாத்திரை அளவு சரியாகாது, சரியாகாவிட்டால் வலிப்பு நிற்காது. கட்டாய அறிவிப்பை எதிர்க்கும் நரம்பியல் மருத்துவர்களின் வாதம் இதுதான், அதைத் தள்ளிவிட முடியாது. நம் ஊரில் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. படிவம் 1ல் வலிப்பு உண்டா என்பதற்கு உண்டு, இல்லை என்று இரண்டே பதில். கடைசி வலிப்பு எப்போது வந்தது என்று கேட்பதில்லை. 10 வருடமாக ஒரு வலிப்பும் இல்லாதவரும், போன வாரம் விழுந்தவரும் அந்தக் கட்டத்தில் ஒன்று. பிரிட்டனிலும் ஒரு காலத்தில் முழுத் தடைதான் இருந்தது. 1970ல் 3 ஆண்டு வலிப்பில்லாதிருந்தால் ஓட்டலாம் என்று தளர்த்தி, பிறகு படிப்படியாக இப்போதைய 12 மாதத்துக்கு வந்தார்கள். உண்மையைச் சொன்னால் வாழ்நாள் முழுக்க வண்டி இல்லை என்று பயமுறுத்தும் படிவம் பொய்யைத்தான் வாங்கும், வாங்குகிறது.

சரி, சட்டம் கிடக்கட்டும். வீட்டில் ஒருவர் சாவி கேட்கிறார், யாரிடம் போவது, என்ன சோதிப்பார்கள்?

முதலில் பக்கப் பார்வை. நரம்பியல் மருத்துவர் எதிரே உட்கார்ந்து, நம் கண்ணைத் தன் கண்மீது நிறுத்தச் சொல்லி, ஓரத்திலிருந்து விரலை அசைத்துக் கொண்டுவருவார். ஒரு நிமிட வேலை. கேட்டால் செய்வார்கள். கேட்காமல் செய்வார்களா என்பது அன்றைய ஓபி கூட்டத்தைப் பொறுத்தது. சந்தேகம் இருந்தால் கண் மருத்துவமனையில் பெரிமெட்ரி என்ற சோதனையில் வரைபடமே எடுத்துவிடலாம். அடுத்து மாத்திரைகள். வலிப்பு மாத்திரைகள் சில தூக்கம் கொடுக்கும். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவற்றைச் சாப்பிட்ட 8 பேர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பில்லாமல் தூங்கிப்போனதை 1999ல் ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. அதற்குப் பிறகு மருத்துவர்களின் கவனம் இதில் கூடியது.

அப்புறம் தாளும் பென்சிலும். அதற்கு அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்லது நரம்பியல் உளவியலாளர் வேண்டும். ஒரு தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றி இணைக்கச் சொல்வார்கள். நம் எழுத்தில் சொன்னால் 1லிருந்து அ, அதிலிருந்து 2, பிறகு ஆ என்று. இரண்டு வரிசைகளை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொண்டு தாவத் தெரிகிறதா என்று பார்ப்பது இது. அமெரிக்காவில் முதிய ஓட்டுநர்களுக்கான மருத்துவ வழிகாட்டி, இதை முடிக்க 3 நிமிடத்துக்கு மேல் ஆனால் கவலைப்பட வேண்டும் என்கிறது. இன்னொரு தாளில் பெரிய நட்சத்திரங்களுக்கும் எழுத்துகளுக்கும் நடுவே சின்ன நட்சத்திரங்கள் இருக்கும். எல்லாச் சின்னதையும் அடிக்க வேண்டும். மாமாவுக்கு இதைத்தான் கொடுத்தார்கள். வலது பாதியில் ஒன்றுவிடாமல் அடித்துவிட்டு, "முடிச்சிட்டேம்மா" என்று பேனாவை மூடினார். சோதித்த தெரபிஸ்ட் பெண் ஒன்றும் சொல்லாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இது வேற தாளா?" என்றார்.

தாளில் மிக மோசமாகச் செய்தவர் சாலையிலும் தவறுவார் என்று ஓரளவு சொல்லலாம். தாளில் நன்றாகச் செய்தவர் சாலையில் தேறுவார் என்று சொல்ல முடியாது. நடுவில் இருப்பவர்களைப் பற்றித் தாள் எதுவும் சொல்லாது, அவர்கள்தான் அதிகம். இன்றைய தேதி, கிழமை, மூன்று வார்த்தை ஞாபகம் என்று ஓபியில் கேட்கும் பொதுவான நினைவுச் சோதனையை மட்டும் வைத்து ஓட்டும் தகுதியை முடிவு செய்வது இன்னும் பலவீனம்.

அதனால் கடைசி வார்த்தை சாலைச் சோதனைக்குத்தான். பயிற்சிப் பள்ளிக் கார் போல இரண்டு பக்கமும் பிரேக் உள்ள கார். முன்னால் ஓட்டுநர் பயிற்றுநர், பின்சீட்டில் குறிப்பெடுத்தபடி தெரபிஸ்ட். அமைதியான தெருவில் தொடங்கி, போகப் போக ரவுண்டானா, சிக்னல், நெரிசல் என்று கடினமாகும் ஒரே பாதையில் எல்லோரையும் ஓட்டிப் பார்ப்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டவைப்பார்கள். "அடுத்த ரவுண்டானாவில் கோயிலுக்கு வழி பார்த்துப் போங்கள்" என்று முடிவை அவரிடமே விடுவார்கள். மிக்கோன் சொன்ன நடு அடுக்கு அப்போதுதான் வெளியே தெரியும். கை பலவீனம் மட்டும் என்றால் ஸ்டியரிங்கில் குமிழ், ஆட்டோ கியர், வலது கால் வராதவருக்கு இடது கால் ஆக்சிலேட்டர் என்று வழி இருக்கிறது. கவனத்துக்கு அப்படி மாட்டக்கூடிய உபகரணம் எதுவும் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். இந்த முறைகள் எல்லாம் காரை வைத்து உருவானவை. இங்கே பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர் கேட்பது பெரும்பாலும் ஸ்கூட்டர் சாவி, பைக் சாவி. இரண்டு சக்கர வண்டியில் இரட்டை பிரேக் கிடையாது. பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்க எந்தத் தெரபிஸ்டும் முன்வரமாட்டார், வரவும் கூடாது. தரையில் நின்று பார்க்கலாம். மூடிய மைதானத்தில் கூம்புகள் வைத்து, குறுக்கே பந்து உருட்டி, இடது பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் சாலையில் என்ன நடக்கும் என்பதைச் சாலையில் விடாமல் அறிய வழி இல்லை. காரில் தவறினால் பயிற்றுநரின் கால் பிரேக்கில் இருக்கும். பைக்கில் தவறினால் மறுபடியும் தலைதான் அடிபடும். ஏற்கெனவே ஒருமுறை காயம்பட்ட தலை. அதனால் தாளிலும் பார்வையிலும் சந்தேகம் துளி இருந்தாலும் இரண்டு சக்கரம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காருக்குக் காட்டும் தாராளம் இதில் கூடாது.

மாமாவை 6 மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். இப்போது இடது பக்க நட்சத்திரங்களும் விழுகின்றன, ஆனால் நேரம் எடுக்கிறது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அத்தை ஸ்கூட்டர் பழகத் தொடங்கிவிட்டார். காலி மனையில் எட்டு இன்னும் வரவில்லை, வளைவில் கால் ஊன்றிவிடுகிறார். மாமா வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, அத்தை வலது பக்கம் திரும்பும்போது.